ஸ்டீராய்டு மருந்து: அச்சமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

(நமது ஆலயப் பொன்விழாவையொட்டிப் பங்கு மண்டபத்தில் நடைபெற்ற மருத்துவ முகாமின் நிறைவில் ஆற்றிய உரை)

 

இந்த ஆலய முற்றத்தில் ஓடி விளையாடி வளர்ந்தவன் நான். இன்று உங்கள் முன் ஒரு டாக்டராக நின்று பேசும் வாய்ப்பைத் தந்த பங்குத் தந்தை அவர்களுக்கு என் நன்றி. "முகாம் முடிந்ததும் மக்களுக்குப் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். எதைப் பேசுவது என்று நேற்று இரவு வரை முடிவு செய்யவில்லை. இன்று காலை முகாமுக்கு வந்த இரண்டு தாய்மார்கள் அதை முடிவு செய்துவிட்டார்கள்.

முதலில் வந்த அம்மா கைப்பையிலிருந்து சிறு வெள்ளை மாத்திரைகள் நிறைந்த ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். "மூட்டு வலிக்குக் கடையில் கொடுத்தாங்க தம்பி. ஒரு வருஷமா போடுறேன். போட்ட அரை நாளில் கேக்குது" என்றார். அவருடைய முகம் உருண்டு, இரத்தக் கொதிப்பு ஏறி, சர்க்கரையும் கூடியிருந்தது. அடுத்து வந்த அம்மாவுக்கு முறையாகப் படித்த மருத்துவர் ஆஸ்துமாவுக்காக எழுதிக் கொடுத்த மருந்து பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. "பக்கத்து வீட்டு அக்கா இது ஸ்டீராய்டு, கிட்னியைக் கெடுத்துடும்னு சொன்னாங்க, அதான் தொடவே இல்லை" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டேதான் இதையும் சொன்னார்.

ஒருவர் கேட்காமல் சாப்பிட்டார். மற்றவர் கேட்காமல் விட்டுவிட்டார். மருந்து ஏறக்குறைய ஒரே இனம். இருவருமே ஆபத்தில் இருந்தார்கள். ஆகவே இந்த மருந்தைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

இது எங்கிருந்து வந்தது?

ஸ்டீராய்டு என்றதும் உடற்பயிற்சிக் கூடத்தில் சதை ஏறுவதற்காகச் சிலர் ஊசி போட்டுக்கொள்வது நினைவுக்கு வரலாம். அது வேறு. அது ஆண் தன்மைக்குரிய இயக்குநீரைச் சேர்ந்தது. நாம் பேசுவது கார்டிகோ ஸ்டீராய்டு என்னும் இனத்தைப் பற்றி.

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல் அட்ரீனல் என்னும் சிறு சுரப்பிகள் உண்டு. அவை கார்டிசோல் என்ற இயக்குநீரை நாள்தோறும் சுரக்கின்றன. அதிகாலையில் அதிகமாகவும் இரவில் குறைவாகவும் சுரக்கும். காய்ச்சல், காயம், அறுவைச் சிகிச்சை, பெருந்துயரம் ஆகியவை வரும்போது உடல் தாங்குவதற்காக இன்னும் கூடுதலாகச் சுரக்கும். இரத்த அழுத்தம் விழாமல் காப்பதும், இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிடாமல் பார்ப்பதும் இதன் வேலைகளில் சில. இந்தச் சுரப்பி கெட்டுப்போனால் மனிதன் எப்படி மெலிந்து, சோர்ந்து, மரிப்பான் என்பதை இலண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-இல் எழுதினார். ஆகவே ஸ்டீராய்டு நம் உடலுக்கு அந்நியமான நஞ்சு அன்று. அது இல்லாமல் நாம் உயிர் வாழவே முடியாது.

இதை மருந்தாக்கிய கதையும் வியப்பானது. அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் அவதியுற்ற 29 வயதுப் பெண் ஒருவருக்கு 1948 செப்டம்பரில் கார்டிசோன் ஊசியைச் செலுத்தினார். புரண்டு படுக்கவும் முடியாதிருந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைவீதிக்குப் போய் வந்தார். இப்பணிக்காக ஹென்ச்சுக்கும், எட்வர்ட் கெண்டால், டாடியஸ் ரைக்ஸ்டைன் என்ற அறிவியலாருக்கும் 1950-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் மருந்தை நிறுத்தினால் வலி திரும்பியது. தொடர்ந்து கொடுத்தால் முகம் உப்பியது, வேறு தொல்லைகளும் வந்தன. நன்மையும் தீமையும் முதல் சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டன.

இன்று நம் கைக்கு வரும் பெயர்கள் பல. பிரெட்னிசோலோன், மெத்தில் பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ஹைட்ரோகார்டிசோன், டெஃப்லசகார்ட் ஆகியவை எல்லாம் இந்தக் குடும்பமே. கடைப் பெயர்களில் வைசோலோன், டெக்சோனா, பெட்னெசால் போன்றவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அளவைக் கண்ணால் பார்த்து ஒப்பிடாதீர்கள். பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம் செய்யும் வேலையை டெக்சாமெத்தசோன் முக்கால் மில்லிகிராமே செய்துவிடும். "அரை மில்லிகிராம் மாத்திரைதானே" என்று நாளொன்றுக்கு நாலைந்து போடுகிறவர் சிறிய அளவு சாப்பிடவில்லை.

இதனால் பிழைத்தவர்கள்

இந்த மருந்தைப் பழிப்பவர்கள் இதனால் பிழைத்தவர்களையும் நினைக்க வேண்டும். கடுமையான ஆஸ்துமா இழுப்பில் மூச்சுக் குழாயின் வீக்கத்தை வற்றச் செய்வது இது. சிறுநீரில் புரதம் கசிந்து உடல் முழுதும் வீங்கி வரும் சிறு பிள்ளைகளுக்கு முதல் மருந்து இது. கிட்னியைக் கெடுக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்ன அதே மருந்துதான் அந்தப் பிள்ளைகளின் கிட்னியைக் காக்கிறது. குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிடுமோ என்று அஞ்சும் தாய்க்கு ஊசியாகக் கொடுத்தால் வயிற்றிலுள்ள குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சி பெறும் என்பதை நியூசிலாந்து மருத்துவர்கள் லிக்கின்ஸ், ஹவி இருவரும் 1972-இல் வெளியிட்டார்கள். தொழுநோயாளிகளுக்கு நரம்பு வீங்கிக் கையும் காலும் செயலிழக்கும் நிலை வரும்போது, உரிய நேரத்தில் பிரெட்னிசோலோன் கொடுத்து எத்தனையோ பேருடைய கைகால்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

எனக்குப் பாடம் கற்பித்த பெரியம்மா

இனி என் குறையையும் சொல்லிவிடுகிறேன். நான் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தார். சிறுவயதில் எனக்கு அவித்த கிழங்கும் கடலையும் கொடுத்து வளர்த்தவர். அவருக்கு முடக்குவாதம். மற்ற மருந்துகளோடு பிரெட்னிசோலோன் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தேன். பல மாதம் சாப்பிட்டார். விரல்கள் மடங்கின, காலைத் திருப்பலிக்கு நடந்து வந்தார். எனக்கு ஒரே பெருமை.

பிறகு மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போனார். மாத்திரை தீர்ந்துவிட்டது. "நல்லாத்தானே இருக்கோம், ஊருக்குப் போய் வாங்கிக்கலாம்" என்று இருந்துவிட்டார். சில நாட்களில் கைகால் சோர்ந்தது. கூடவே வயிற்றுப்போக்கும் வந்தது, வாந்தி எடுத்தார், எழுந்து நின்றபோது மயங்கி விழுந்தார். இரவில் அவ்வூர் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். வாந்தி பேதி என்று குளுக்கோசும் உப்பு நீரும் ஏற்றினார்கள். இரத்த அழுத்தம் ஏறவே இல்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டால் உடன் வந்தவர்களுக்குத் தெரியவில்லை.

அங்கிருந்த நர்ஸ் அம்மா ஒருவர், பத்திரமாக எடுத்து வைப்பதற்காகப் பெரியம்மாவின் சுருக்குப் பையை அவிழ்த்திருக்கிறார். உள்ளே செபமாலையோடு மடித்து வைத்த வெறும் மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. அதிலிருந்த பெயரைப் படித்ததும் ஓடிப்போய் டாக்டரிடம் காட்டினார். உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போட்டார்கள். விடியும்போது பெரியம்மா கண் விழித்துப் பேசினார்.

ஊர் திரும்பியபின் நான் பார்க்கப் போனேன். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, சாப்பிடச் சொன்னியே, திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு நீ சொல்லவே இல்லையேப்பா" என்றார். உண்மைதான். நான் சீட்டு எழுதினேன்; சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அன்று முதல் இந்த மருந்தை யாருக்கு எழுதினாலும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் அனுப்புவதில்லை.

நடந்தது என்ன? வெளியிலிருந்து நாள்தோறும் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், "நமக்கு வேலை இல்லை" என்று நம்முடைய அட்ரீனல் சுரப்பி தூங்கிவிடுகிறது. பொதுவாக மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டால் இப்படி ஆகலாம். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது. அந்த நேரத்தில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் உயிருக்கே ஆபத்து. தூங்கும் சுரப்பியை மெல்ல மெல்லத்தான் எழுப்ப வேண்டும். அதனால்தான் டாக்டர்கள் வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். ஆஸ்துமா இழுப்புக்காக ஐந்து நாள், ஏழு நாள் கொடுக்கும் மருந்தைப் பெரும்பாலும் அப்படியே நிறுத்திவிடலாம். எது எந்த வகை என்பதைச் சீட்டு எழுதியவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கூடுதலாக, நெடுநாள் சாப்பிட்டால்

அளவு கூடக்கூட, நாள் நீள நீளத் தொல்லைகளும் கூடும். பசி அதிகரிக்கும், முகம் உருண்டு, வயிறு பெருக்கும், கைகால் மெலியும். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் ஏறும். எலும்பு உள்ளுக்குள் அரிக்கப்பட்டு, இலேசாக விழுந்தாலே முறியும். தொடை எலும்பின் தலை இரத்த ஓட்டமின்றிச் செத்துப்போவதும் உண்டு. கண்ணில் புரை விழும். கண் அழுத்தம் கூடும். தோல் மெலிந்து இரத்தம் கட்டும். சிலருக்குத் தூக்கம் கெடும், மனம் குழம்பும். சிறுவர்களின் வளர்ச்சி தடைப்படும். வலி மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றுப் புண் வரும் அபாயம் பெருகும். எல்லாவற்றுக்கும் மேலாக, நோய்க் கிருமிகளோடு போராடும் சக்தி குறையும். உள்ளே அடங்கிக் கிடந்த காசநோய் தலைதூக்கலாம்.

இத்தனையும் எல்லாருக்கும் வரும் என்று அஞ்ச வேண்டாம். குறைந்த அளவில், தேவையான நாட்களுக்கு மட்டும், பரிசோதனைகளோடு கொடுக்கும்போது பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம், அல்லது முன்கூட்டியே கண்டு சரிசெய்யலாம்.

அளவு தவறினால் என்ன ஆகும் என்பதை நம் நாடே ஒருமுறை கண்ணீரோடு கற்றது. கொரோனா காலத்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வின் முடிவு 2020 ஜூன் மாதம் வெளியாயிற்று. டெக்சாமெத்தசோன் நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், பத்து நாள் வரை கொடுத்ததில், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கும், பிராணவாயு மட்டும் தேவைப்பட்டவர்களின் மரணம் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. ஆனால் பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு இம்மருந்தால் எந்தப் பயனும் இல்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. இந்தப் பின்பகுதியைப் பலர் கேட்கவில்லை. 2021-இல் இரண்டாவது அலை வீசியபோது, இலேசான காய்ச்சலுக்கும் வீட்டிலேயே இதை வாங்கிச் சாப்பிட்டவர்கள் உண்டு. அதிக அளவில், அதிக நாள் கொடுக்கப்பட்டவர்களும் உண்டு. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறியவர்களைக் கரும்பூஞ்சை பற்றியது. எத்தனையோ பேர் கண்ணை இழந்தார்கள், உயிரை இழந்தார்கள். ஒரே மருந்து ஒரு வார்டில் உயிரைக் காத்தது. மற்றொரு வீட்டில் கண்ணைப் பறித்தது.

தெரியாமலே உள்ளே வரும் வழிகள்

ஸ்டீராய்டு சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே பலர் சாப்பிடுகிறார்கள். சளி, காய்ச்சல், உடம்பு வலிக்கு மூன்று நான்கு மாத்திரைகளைக் கலந்து காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்களே, அதில் ஒன்று இதுவாக இருக்கலாம். மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் பெயரில்லாமல் விற்கும் சில சூரணங்களிலும் உருண்டைகளிலும் இதைப் பொடித்துக் கலந்திருப்பது பரிசோதனைகளில் அகப்பட்டிருக்கிறது. நல்ல சித்த மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. சீட்டும் பெயரும் இல்லாத பொட்டலத்தைத்தான் சொல்கிறேன். எந்த மருந்தாவது மந்திரம் போட்டதுபோல் ஒரே நாளில் எல்லா வலியையும் போக்கி, பசியையும் கூட்டி, முகத்தையும் உப்பச் செய்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் பல மாதம் சாப்பிட்டிருந்தால் இன்றே தூக்கி எறிந்துவிடாதீர்கள். பெரியம்மாவின் கதை உங்களுக்கும் நேரலாம். பொட்டலத்தோடு மருத்துவரிடம் வாருங்கள்.

இளம் பெண்களுக்கும் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்னோவேட் போன்ற களிம்புகள் தோல் நோய்க்கான ஸ்டீராய்டு. அவற்றை முகம் வெளுக்கவும், பரு போகவும் பூசுகிறார்கள். முதலில் முகம் பளிச்சென்று தெரியும். சில மாதத்தில் தோல் மெலிந்து, சிவந்து, இரத்த நாளங்கள் வலைபோல் தெரியும். பருக்கள் கூட்டமாக வரும். மீசையில்லா இடத்தில் மயிர் முளைக்கும். நிறுத்தினால் எரியும்; அதனால் மறுபடியும் பூசுவார்கள். படர்தாமரைக்குப் பூசினால் அரிப்பு அடங்கும், படையோ பரவும். இந்தக் கேடு பெருகியதால்தான் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று மத்திய அரசு 2018-இல் ஆணையிட்டது. திருமணத்துக்கு முன் முகம் வெளுக்க வேண்டும் என்று மகளுக்கு இதை வாங்கிக் கொடுக்கும் தாய்மார்களே, கடவுள் தந்த நிறம் அழகானதுதான், அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் இன்ஹேலரைக் கண்டு பயப்படுகிறவர்களே அதிகம். அதிலுள்ள ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கில் இருக்கிறது. ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். அது நேரே மூச்சுக் குழாய்க்குப் போகிறது. உடல் முழுதும் பரவுவது மிகக் குறைவு. இன்ஹேலரை ஒழுங்காக உறிஞ்சுகிறவருக்கு மாத்திரையும் ஊசியும் தேவைப்படுவது அரிது. உறிஞ்சியபின் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். வாயில் வெண்புண் வராது. காலையில் வந்த அந்த அம்மாவுக்கு இதை விளக்கி, என் முன்னிலையிலேயே முதல் முறை உறிஞ்ச வைத்துத்தான் அனுப்பினேன்.

கடைப்பிடிக்க வேண்டியவை

வீட்டுக்குப் போய் மறந்துவிடாமல் இருக்கச் சில காரியங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

1. மருத்துவர் சீட்டின்றி ஸ்டீராய்டு வாங்காதீர்கள். பழைய சீட்டைக் காட்டி மறுபடியும் மறுபடியும் வாங்காதீர்கள். ஒருவருக்கு எழுதியதை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள்.

2. சீட்டு எழுதும்போதே கேளுங்கள்: "இது ஸ்டீராய்டா? எத்தனை நாள்? எப்படி நிறுத்துவது?" கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

3. நாளொன்றுக்கு ஒருவேளை என்றால் காலை உணவுக்குப் பின் சாப்பிடுங்கள். உடல் தானே சுரக்கும் நேரமும் அதுவே. இரவுத் தூக்கமும் கெடாது.

4. நாட்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள். வேளாங்கண்ணிக்கு நடைபயணம் போனாலும், வெளியூர் திருமணத்துக்குப் போனாலும் மாத்திரை கூடவே வரவேண்டும்.

5. தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பவர்கள் இந்த மாத்திரையை விட்டுவிடக் கூடாது. நோயாளிகளுக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு. ஐயம் இருந்தால் பங்குத் தந்தையிடம் கேளுங்கள்.

6. கடுங்காய்ச்சல், விபத்து, அறுவைச் சிகிச்சை, பல் பிடுங்குதல் போன்ற நேரங்களில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். அப்போது அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். வாந்தியால் மாத்திரை உள்ளே தங்காவிட்டால் வீட்டில் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள், ஊசி தேவைப்படும்.

7. சர்க்கரை, இரத்த அழுத்தம், கண், எலும்பு ஆகியவற்றை டாக்டர் சொல்லும் காலத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். காசநோய் முன்பு வந்திருந்தாலும், வீட்டில் யாருக்காவது இருந்தாலும் மறைக்காதீர்கள். அம்மை கண்டவர் அருகில் போகாதீர்கள். தடுப்பூசி போடுமுன் கேளுங்கள்.

8. ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றைக் குறையுங்கள். பால், மோர், கேழ்வரகு, கீரை, சிறு மீன்கள் எலும்புக்கு நல்லவை. முடிந்த அளவு வெயிலில் நடங்கள். புகையும் மதுவும் வேண்டாம்.

9. ஒரு சிறு அட்டையில் உங்கள் பெயர், நோய், மருந்தின் பெயர், அளவு, எந்த நாளிலிருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை எழுதி எப்போதும் உடன் வைத்திருங்கள்.

அன்பர்களே, இந்த ஒன்பதாவதை மட்டும் இன்றே செய்துவிடலாம் என்று பொன்விழாக் குழுவினரிடம் கேட்டுக்கொண்டேன். அவர்களும் மனமுவந்து இசைந்து, வெள்ளை அட்டைகளை வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறார்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு எழுதிக் கொடுக்க இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் அங்கே நிற்கிறார்கள். மாத்திரை அட்டையைக் கொண்டு வந்தவர்கள் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்தபின் கொண்டு வாருங்கள்.

பெரியம்மா அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்து, பேரப்பிள்ளைகளின் திருமணத்தையும் பார்த்துவிட்டுத்தான் கண் மூடினார். அந்தச் சுருக்குப் பையில் செபமாலையோடு நான் எழுதிக் கொடுத்த அட்டையும் கடைசி நாள் வரை இருந்தது. அன்று அந்த வெறும் அட்டையை அவர் தூக்கி எறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். நம் பங்கில் எந்தத் தாய்க்கும் அப்படி ஓர் இரவு வரக்கூடாது.

 பொன்விழாக் காணும் நம் பங்கு இன்னும் பல விழாக்கள் காணட்டும்.